எல்லார்க்கும் நல்வாழ்வு: டாக்டர் ஹால்ப்டான் மாலரின் தொண்டு

நோய் தீர்க்கும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்பது ஒரு செய்தி. அம்மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்தது என்பது வேறொரு செய்தி. முதலாவதைச் சாதித்தவர்களை உலகம் நன்கறியும். பாஸ்டர், பிளெமிங் என்று பள்ளிச் சிறுவரும் அப்பெயர்களை அடுக்கிச் சொல்வர். இரண்டாவதற்காகப் பாடுபட்டவர்களின் பெயர்களோ அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் குடிசைக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் டென்மார்க்கு நாட்டவரான டாக்டர் ஹால்ப்டான் மாலர். 1973 முதல் 1988 வரை பதினைந்து ஆண்டுகள் உலக சுகாதார ஸ்தாபனத்தின் டைரக்டர் ஜெனரலாக இருந்தவர் அவர். அவர் காலத்தில் எழுந்த வழக்கு ஒன்று இன்னும் தீர்ந்தபாடில்லை. எல்லா மக்களுக்கும் அடிப்படை வைத்திய வசதி என்று தொடங்குவதா? அல்லது கையிலுள்ள பணத்துக்கு எது முடியுமோ அதை மட்டும் செய்து, உடனடியாகக் காப்பாற்றக்கூடிய உயிர்களைக் காப்பாற்றுவதா?

போதகர் வீட்டுப் பிள்ளை

மாலர் 1923-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் டென்மார்க்கிலுள்ள விவில்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர். பிள்ளைகள் எழுவருள் இவரே கடைக்குட்டி. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1948-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள்தான் உலக சுகாதார ஸ்தாபனமும் முறைப்படி தோன்றிற்று. நோயில்லாதிருப்பது மட்டும் சுகம் அன்று. உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் முழுமையாக நன்றாயிருப்பதே சுகம் என்று அந்த ஸ்தாபனத்தின் சாசனம் கூறுகிறது. எழுதிவைத்த இக்கொள்கையை மெய்ப்பிக்க முடியுமா என்று பார்ப்பதே பிற்காலத்தில் மாலரின் வேலையாயிற்று.

1950-இல் அவர் தென் அமெரிக்காவிலுள்ள ஈக்குவடோர் நாட்டுக்குச் சென்று, செஞ்சிலுவைச் சங்கத்தின் காசநோய் எதிர்ப்பு இயக்கத்தில் பணிபுரிந்தார். மறு ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனத்தில் சேர்ந்தார். ஸ்தாபனம் அவரை இந்தியாவுக்கு அனுப்பிற்று. ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் அவர் அங்கே தேசியக் காசநோய்த் திட்டத்தில் உழைத்தார். ஐரோப்பியக் கல்லூரியில் கற்ற வைத்தியத்தை அவர் இந்தியக் கிராமத்தில் மறுபடியும் கற்க வேண்டியிருந்தது.

காசநோயும் சானடோரியமும்

அக்காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சை என்றால் சானடோரியமே எல்லார் நினைவுக்கும் வரும். தூய காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு, இவையே வைத்தியம். 1940-களில் ஸ்டிரெப்டோமைசின், பாஸ் ஆகிய மருந்துகளும், 1952-இல் ஐசோனியாசிட் மாத்திரையும் வந்தன. ஆயினும் மருந்தோடு படுக்கையும் வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. இந்தியாவிலோ, படுக்கைகள் சில ஆயிரங்கள். நோயாளிகள் பல லட்சம் பேர். 1955-க்கும் 1958-க்கும் இடையே எடுக்கப்பட்ட தேசிய ஆய்வு இன்னொரு கவலையையும் தந்தது. காசநோய் நகரத்து நோய் என்று எண்ணியிருந்தது தவறு. கிராமத்திலும் அது நகரத்தைப் போலவே பரவியிருக்கிறது என்று அவ்வாய்வு காட்டிற்று.

ஒருபுறம் பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கம் மாகாணம் மாகாணமாக நடந்துகொண்டிருந்தது. அதற்கும் எல்லாரும் இசையவில்லை. ராஜாஜி 1955-இல் அத்தடுப்பூசியை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தது சென்னை ராஜ்யத்தில் பெரும் விவாதமாயிற்று. மக்களின் சம்மதமும் நம்பிக்கையும் இல்லாமல் எந்தச் சுகாதாரத் திட்டமும் ஓடாது என்பதற்கு அது ஒரு சான்று.

சேத்துப்பட்டில் நடந்த சோதனை

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார ஸ்தாபனம் ஆகிய நான்கும் அதில் கூட்டுச் சேர்ந்தன. அங்கே நடந்த சோதனை மிக எளியது. அதன் விளைவோ மிகப் பெரியது.

சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினர். யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தனர். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குச் சென்றனர். அவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. மற்றப் பிரிவினர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். நெருக்கமான வீடு, அரைகுறைச் சாப்பாடு, அன்றாட வேலை ஆகியவற்றுக்கு நடுவே அவர்கள் மருந்தை உட்கொண்டனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளே கொடுக்கப்பட்டன.

1959-இல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்திருந்தனர். வீட்டில் இருந்தவர்களால் அவர்தம் மனைவி மக்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றியதா என்றால், அதுவும் இல்லை. நோயாளி மருந்துண்ணத் தொடங்கியதும் தொற்று விரைவில் குறைந்துவிடுகிறது. உடன் வாழ்ந்தவர்களுக்கு வந்த ஆபத்து பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே வந்ததாகும். ஆகவே நோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்து நெடுங்காலம் படுக்கையில் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது நிலைநாட்டப்பட்டது. பணக்கார நாடுகளும் இந்த உண்மையை ஏற்று, நாளடைவில் தங்கள் சானடோரியங்களை மூடலாயின. ஏழை நாட்டில் கண்ட உண்மை செல்வ நாடுகளுக்கு வழிகாட்டியது!

பெங்களூர் கற்பித்த பாடம்

மருந்து வீட்டுக்குப் போகலாம் என்றால், அதை வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை காணும் பொருட்டு 1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிலையம் தொடங்கப்பட்டது. எக்ஸ்ரே வண்டிகளை ஊர் ஊராக ஓட்டி நோயாளிகளைத் தேடிப்பிடிக்க வேண்டும் என்பது அன்றைய கருத்து. நோயின் அறிகுறி கிராமத்தாருக்குத் தெரியாது. தாமாக அவர்கள் வைத்தியரிடம் வரமாட்டார்கள் என்று நகரத்தார் எண்ணினர்.

தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் நிலையத்தார் விசாரித்தபோது வேறு கதை தெரியவந்தது. காசநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே அரசாங்க ஆஸ்பத்திரியின் வாசலை மிதித்தவர்கள். அங்கே அவர்களுடைய சளியைச் சோதிப்பார் இல்லை. இருமல் மருந்து ஒரு புட்டி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டனர். குற்றம் கிராமத்தாருடையது அன்று, வைத்திய அமைப்பினுடையது என்பது வெளிப்பட்டது. 1962-இல் உருவான மாவட்டக் காசநோய்த் திட்டம் இதனை அடிப்படையாகக் கொண்டது. தனிப் படை ஒன்று திரட்டாமல், சாதாரணச் சுகாதார நிலையங்களிலேயே சளிச் சோதனைக்கு ஒரு மைக்ராஸ்கோப்பும் மாத்திரைகளும் வைப்பது என்று முடிவாயிற்று.

இந்தப் பத்தாண்டு அனுபவம் மாலருக்கு ஆழ்ந்த பாடமாயிற்று. நோயைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படையை அனுப்பினால் போதாது. எல்லா நோய்க்கும் மக்கள் முதலில் வந்து தட்டும் கதவு எதுவோ அதைச் செம்மைப்படுத்த வேண்டும். அவருடைய பிற்காலக் கொள்கை முழுவதும் இந்த விதையிலிருந்து முளைத்ததே.

டைரக்டர் ஜெனரல் பதவி

1962-இல் மாலர் ஜெனீவா தலைமைச் செயலகத்தில் காசநோய்ப் பகுதியின் தலைவரானார். 1970-இல் உதவி டைரக்டர் ஜெனரலாகவும், 1973-இல் டைரக்டர் ஜெனரலாகவும் உயர்ந்தார். கனடா நாட்டு டாக்டர் பிராக் சிஷோம், இருபது ஆண்டுகள் பதவி வகித்த பிரேசில் நாட்டு டாக்டர் கன்டாவ் ஆகியோருக்குப்பின் அப்பதவிக்கு வந்த மூன்றாமவர் அவர். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

அவர் பதவியேற்றபோது ஸ்தாபனத்தின் கணக்கில் ஒரு பெருந்தோல்வியும் ஒரு பெருவெற்றியின் அறிகுறியும் இருந்தன. 1955-இல் தொடங்கிய உலக மலேரியா ஒழிப்பு இயக்கம், கொசு டி.டி.டி.க்கு ஈடுகொடுக்கப் பழகியதாலும், கிராமங்களில் நிலையான சுகாதார அமைப்பு இல்லாததாலும் பல நாடுகளில் தளர்ந்து, 1969-இல் கொள்கையளவிலேயே மாற்றப்பட்டது. பெரியம்மை ஒழிப்போ வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்தது. 1967-இல் தீவிரமாக்கப்பட்ட அவ்வியக்கம் மாலர் காலத்தில் முடிவுற்றது. இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை 1977 அக்டோபரில் சோமாலியாவிலுள்ள மெர்க்கா நகரத்து ஆஸ்பத்திரிச் சமையற்காரர் ஒருவருக்குக் கண்டது, அவர் பிழைத்துக்கொண்டார். 1980 மே 8-ஆம் நாள் உலக சுகாதாரப் பேரவை பெரியம்மை ஒழிந்ததெனப் பறைசாற்றியது. ஆயினும் மாலர் இவ்வெற்றியில் மயங்கவில்லை. பெரியம்மைக்கு ஒரே தடுப்பூசி போதுமாயிருந்தது. வயிற்றுப்போக்குக்கும் பிரசவ மரணத்துக்கும் சத்துக் குறைவுக்கும் ஒரே ஊசி எங்கே இருக்கிறது?

அல்மா-ஆட்டா மாநாடு

1976-இல் மாலர் ஓர் இலக்கைக் குறித்தார். 2000-ஆம் ஆண்டுக்குள் எல்லா மக்களுக்கும் நல்வாழ்வு! 1977-இல் உலக சுகாதாரப் பேரவை அதனை ஏற்றது. அதற்கு வழி வகுக்க 1978 செப்டம்பர் 6 முதல் 12 வரை, அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்ததும் இன்று கஸாக்ஸ்தானில் அல்மாட்டி என வழங்குவதுமான அல்மா-ஆட்டா நகரில் மாநாடு கூடிற்று. உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப் என்னும் ஐ.நா. குழந்தைகள் நிதியும் இணைந்து நடத்திய அம்மாநாட்டில் 134 அரசாங்கங்களும் 67 நிறுவனங்களும் கலந்துகொண்டன.

அங்கே பிறந்த பிரகடனத்தின் உயிர்நிலை ஆரம்பச் சுகாதாரச் சேவை என்பதாகும். அஃதாவது யாது? நோய்களைப் பற்றிய கல்வி, போதிய உணவு, நல்ல குடிநீரும் சுற்றுப்புறத் தூய்மையும், குடும்பத் திட்டம் உட்பட்ட தாய் சேய் நலம், தடுப்பூசி, வட்டாரத்தில் நிலைத்த நோய்களைத் தடுத்தல், சாதாரண நோய்க்கும் காயத்துக்கும் சிகிச்சை, அவசிய மருந்துகள் ஆகிய எட்டும் மக்களின் வீட்டுக்கு அருகே, அவர்கள் ஒத்துழைப்போடு, நாடு தாங்கக்கூடிய செலவில் கிடைக்க வேண்டும். குடிநீர்க் குழாய் வைத்தியமா என்று கேட்டால், ஆம், அதுவும் வைத்தியமே என்பது இப்பிரகடனத்தின் விடை.

இது வானத்திலிருந்து விழுந்த கருத்து அன்று. சீனத்தின் வெறுங்கால் வைத்தியர்கள், மகாராஷ்டிரத்து ஜாம்கெட்டில் அரோலே தம்பதியர் 1970 முதல் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நடத்திய சேவை முதலியவை முன்மாதிரியாக இருந்தன. சீனம் மட்டும் அம்மாநாட்டுக்கு வரவில்லை. மலாயாவிலும் 1950-களிலேயே கிராமச் சுகாதாரத் திட்டம் தொடங்கிவிட்டது. இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம், பதினாயிரம் பேருக்கு ஓர் உப நிலையம், ஐம்பதினாயிரம் பேருக்கு ஒரு தலைமை நிலையம் என்று அது வகுக்கப்பட்டிருந்தது. தோட்டத்து டிரெசரிடம் மருந்து வாங்கி, பெரிய டாக்டரைக் கண்ணாலும் காணாத தலைமுறைக்கு, முதற்கதவு நல்ல கதவாயிருக்க வேண்டும் என்பதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்துப் பட்டியலும் பால்மாவும்

கொள்கை வாணிபத்தைத் தொட்டபோது எதிர்ப்பும் கிளம்பிற்று. 1977-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அவசிய மருந்துகளின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. சந்தையில் ஆயிரக்கணக்கான மருந்துகள் விற்பனையாகின்றன. ஆனால் ஒரு நாட்டு மக்களின் பெரும்பாலான நோய்களுக்கு ஏறக்குறைய இருநூறு மருந்துகள் போதும் என்று அப்பட்டியல் காட்டியது. விளம்பரப் பெயரால் அன்றி மருந்தின் பொதுப்பெயரால் வாங்கினால், அதே பணத்தில் பலருக்கு மருந்து தரலாம். இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே இவ்வழியை முன்னரே காட்டியிருந்தார். 1971-இல் அங்கே அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் ஏற்பட்டது. பெரிய மருந்துக் கம்பெனிகள் பட்டியலை விரும்பவில்லை. ஆயினும் அது நிலைத்தது. இன்றும் இரண்டாண்டுக்கு ஒருமுறை அது திருத்தி வெளியிடப்படுகிறது.

அடுத்த சோதனை குழந்தைப் பால்மாவைப் பற்றியது. சுத்தமில்லாத தண்ணீரில், விலைக்கு அஞ்சி மாவைக் குறைத்துக் கரைத்துப் புட்டியில் ஊட்டினால் குழந்தை நோயாலும் சத்துக் குறைவாலும் மடிகிறது. இதனை முன்னமே எடுத்துரைத்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார். அவர் அதைச் சொன்னது சிங்கப்பூரில்தான். 1939-இல் ரோட்டரி சங்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில், பால்மா விற்பனையால் சிசுக்கள் இறப்பதைக் கொலை என்றே அவர் கண்டித்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1981 மே மாதம், தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை முறை பற்றிய சர்வதேச விதித்தொகுப்பு உலக சுகாதாரப் பேரவையில் வாக்குக்கு வந்தது. ஆதரவு 118, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அந்த ஒன்று அமெரிக்காவினுடையது.

எதிர்வாதம்

மாலரின் கொள்கைக்கு வந்த வலிமையான எதிர்வாதம் வணிகர்களிடமிருந்து வரவில்லை. நல்லெண்ணம் படைத்த வைத்திய அறிஞர்களிடமிருந்தே வந்தது. 1979-இல் ஜூலியா வால்ஷ், கென்னத் வாரன் ஆகிய இருவர் ஒரு கட்டுரை எழுதினர். எல்லாருக்கும் எல்லாச் சேவையும் என்பது போற்றத்தக்க இலட்சியம். ஆனால் அதற்கு வேண்டிய பணமும் ஆளும் ஏழை நாடுகளிடம் இல்லை. ஆகவே மிகுதியான உயிர்களைக் குடிக்கும் சில நோய்களைத் தேர்ந்து, மலிவாகத் தடுக்கக்கூடியவற்றை முதலில் தடுப்போம் என்பது அவர்கள் வாதம்.

யுனிசெப் தலைவர் ஜேம்ஸ் கிரான்ட் 1980-களின் தொடக்கத்தில் இவ்வழியில் துணிந்து இறங்கினார். குழந்தையின் எடையைக் குறித்து வளர்ச்சியைக் கவனித்தல், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி என்ற நான்கையும் அவர் உலகெங்கும் பரப்பினார். உப்புச் சர்க்கரைக் கரைசலின் பயனை எண்ணிப் பாருங்கள். வயிற்றுப்போக்கால் குழந்தை இறப்பதற்குக் காரணம் உடலின் நீர் வற்றிப்போவதே. வெறும் நீரைக் கொடுத்தால் குடல் அதைப் போதிய அளவு உறிஞ்சாது. சர்க்கரை சேர்ந்தால் உப்பும் உள்ளே செல்லும். உப்பைத் தொடர்ந்து நீரும் செல்லும். சில காசு பெறும் ஒரு பொட்டலம் ஓர் உயிரைக் காக்கிறது! இதைத் தவறென்று யார் சொல்ல முடியும்?

மாலரும் இதைத் தவறென்று கூறவில்லை. அவர் அஞ்சியது வேறு. வெளியிலிருந்து பணம் தருவோர் தமக்குப் பிடித்த இரண்டொரு நோயைத் தேர்ந்தெடுத்துத் தனித் திட்டம் நடத்துவர். அத்திட்டம் முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுவர். ஊரில் நிலையான சுகாதார நிலையம் ஒன்றும் எஞ்சாது. தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தை நிமோனியாவாலோ, அதன் தாய் அடுத்த பிரசவத்திலோ இறக்க நேரிடும். 1983-ஆம் ஆண்டுப் பேரவையில் அவர் இப்போக்கைக் கண்டித்துப் பேசினார்.

நடுநிலையிலிருந்து பார்த்தால் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. கிரான்ட் வழியில் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் ஏராளம். அல்மா-ஆட்டாப் பிரகடனமோ, செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்குத் திட்டமான விடை தரவில்லை. 1980-களில் கடன் சுமையால் நசுங்கிய நாடுகள் சுகாதாரச் செலவை வெட்டின. இலவசமாயிருந்த நிலையங்களில் கட்டணம் வாங்கலாயின. 2000-ஆம் ஆண்டு வந்தது, இலக்கு கைகூடவில்லை.

ஒப்புக்கொண்ட தவறு

மாலரின் வாழ்வில் சறுக்கலும் உண்டு. எய்ட்ஸ் நோய் 1980-களில் தலைகாட்டியபோது, மலேரியா போன்ற நோய்கள் கோடிக்கணக்கானோரைத் தாக்கிவரும் ஏழை நாடுகள் இதற்காக மிகையாகக் கவலைப்பட வேண்டாம் என்ற கருத்தில் அவர் இருந்தார். உண்மை நிலை தெரிந்ததும், தாம் இந்நோயைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக 1986-இல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஜோனதன் மான் என்னும் அமெரிக்க டாக்டரின் தலைமையில் 1987-இல் தனித்திட்டம் அமைத்து, அதற்கு முழு ஆதரவும் தந்தார். உயர்பதவியில் இருப்போர் தாம் தவறியதாகக் கூறுவது அரிது. மாலர் அதைச் செய்தார்.

1988-இல் ஓய்வு பெற்றபின் சர்வதேசக் குடும்பத் திட்டச் சம்மேளனத்தின் தலைமைச் செயலாளராக 1989 முதல் 1995 வரை பணியாற்றினார். அல்மா-ஆட்டாவின் முப்பதாம் ஆண்டில், 2008-இல், மீண்டும் பேரவைக்கு வந்து பழைய கொள்கையையே வலியுறுத்தினார். 2016 டிசம்பர் 14-ஆம் நாள் ஜெனீவாவில் காலமானார். வயது தொண்ணூற்று மூன்று. இரண்டாண்டுகள் கழித்து, 2018-இல், கஸாக்ஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் உலக நாடுகள் கூடி, ஆரம்பச் சுகாதாரச் சேவையே அடித்தளம் என்று மறுபடியும் உறுதி கூறின.

இலக்கு தவறியவரை ஏன் நினைக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். மருந்துக் கடையில் பொதுப்பெயரால் மலிவாகக் கிடைக்கும் மாத்திரையிலும், பால்மாத் தகரத்தில் தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட்டிருக்கும் வரியிலும் அவர் காலத்துப் போராட்டத்தின் சுவடு இருக்கிறது. தும்கூர்க் கிராமத்து நோயாளி ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் வந்தான். வாசலில் அவனுக்கு இருமல் மருந்துதான் கிடைத்தது. இனி வருபவனுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்பதைக் கொண்டே ஒரு நாட்டின் சுகாதாரத்தை அளக்க வேண்டும். மாலர் உலகுக்கு விட்டுச்சென்ற அளவுகோல் இதுவே.